தைத்த விரலை அசைப்பதா, அசைக்காமல் வைப்பதா?

இடக்கைக்காரி:

எல்லோருக்கும் வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரே கையால் தட்டுவதால் எழுத்துப்பிழை இருந்தால் அதையும்.

இடது கை மோதிர விரலில், உள்ளங்கையோடு விரல் சேரும் இடத்துக்குச் சற்று மேலே, உடைந்த கண்ணாடி டம்ளர் ஆழமாகக் கிழித்துவிட்டது. விரலை மடக்குகிற தசைநாண் இரண்டும் அறுந்துவிட்டன, ஓரத்தில் ஓடும் நரம்பு ஒன்றும் போய்விட்டது என்றார்கள். கை அறுவை சிகிச்சை மட்டுமே செய்கிற டாக்டர் ஒருவர் எல்லாவற்றையும் தைத்தார். இப்போது மூன்று வாரம் தாண்டிவிட்டது. புறங்கைப் பக்கமாக ஒரு பிளாஸ்டிக் ஸ்ப்ளின்ட், இரவும் பகலும்.

குழப்பம் இதுதான். தைத்த சில நாளிலேயே தெரபிஸ்ட் விரலை அசைக்கச் சொல்லிவிட்டார். விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்கு ஒரு தடவை, முதலில் வலது கையால் விரலை மெதுவாக மடக்கி விட வேண்டும், அப்புறம் அதுவாகவே பாதி முஷ்டி வரை மடங்க வேண்டும். ஆனால் ஸ்ப்ளின்டைக் கழற்றக் கூடாது, எதையும் பிடிக்கக் கூடாது, ஒரு காகிதத்தைக்கூட. ஒரே ஆள் அசை என்றும் சொல்கிறார், பயன்படுத்தாதே என்றும் சொல்கிறார். வீட்டில் மாமியார் நான் விரலை மடக்குவதைப் பார்த்தாலே பதறுகிறார், இழுத்தால் தையல் விட்டுவிடாதா என்று. கொழுந்தனாருக்கு மணிக்கட்டு எலும்பு முறிந்தபோது ஆறு வாரம் மாவுக்கட்டு போட்டு அசைக்காமல்தானே வைத்தார்கள், நன்றாகத்தானே கூடியது என்கிறார். எனக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை.

இன்னும் மூன்று விஷயம். ஒன்று, நடு மூட்டு முழுசாக நீள மறுக்கிறது, கொக்கி மாதிரியே நிற்கிறது. இரண்டாவது, தழும்பின் மேல் தட்டினால் விரல் நுனி வரை கரண்ட் அடிப்பது போல் சுர்ரென்று ஓடுகிறது, விரலின் அந்தப் பாதி மட்டும் இன்னும் மரத்தே கிடக்கிறது. மூன்றாவது, கைக்கென்று தனியாக இருக்கிற தெரபிஸ்டிடம் போய் வருவது சிரமமாக இருக்கிறது, வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற சாதாரண பிசியோவிடம் மாறிக்கொண்டால் என்ன?

டாக்டரிடம் கேட்டேன், "அவர் சொல்வதைச் செய்யுங்கள்" என்று முடித்துவிட்டார். காரணம் தெரிந்தால்தான் வீட்டிலும் சொல்ல முடியும், எனக்கும் பயம் போகும்.

நேர்பட_பேசு:

ஆறு வாரம் அசைக்காமல் வையுங்கள் சகோதரி. ஒட்டுவதற்கு நேரம் கொடுக்காமல் ஆட்டிக்கொண்டே இருந்தால் எது ஒட்டும்? எலும்புக்கு ஒரு நியாயம், தசைநாணுக்கு ஒரு நியாயமா? ஒட்டிய பிறகு பிசியோ செய்தால் எல்லாம் சரியாகிவிடும். எனக்குத் தெரிந்த இருவருக்கு அப்படித்தான் செய்தார்கள்.

விரல்_தெரபி:

நேர்பட_பேசு சொல்வதைக் கேட்டுவிடாதீர்கள், தயவுசெய்து. நான் கை தெரபிதான் செய்கிறேன், இதே கேள்வியை வேலை நாளெல்லாம் கேட்கிறேன், அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

ஆமாம், எலும்புக்கு ஒரு நியாயம், தசைநாணுக்கு வேறு நியாயம். எலும்பு கூடினால் போதும். பக்கத்தில் இருக்கும் எதன்மீதும் அது வழுக்கி ஓட வேண்டியதில்லை. தசைநாண் கூடவும் வேண்டும், ஓடவும் வேண்டும். உங்கள் விரலுக்குள் சைக்கிள் பிரேக் வயர் உறைக்குள் ஓடுவது போல அது ஓடுகிறது. முன்கையில் இருக்கும் தசை இழுக்கிறது, இங்கே விரல் மடங்குகிறது. உறை இறுக்கமானது, அதற்கு மேல் எலும்போடு சேர்த்துப் பிடித்திருக்கும் கப்பிகள் வேறு. உங்களுக்கு அறுந்த இடத்தில் அந்த ஒரே குழாய்க்குள் இரண்டு தசைநாண்கள், ஒன்று நடு எலும்பை மடக்க, இன்னொன்று அதை ஊடுருவிக்கொண்டு விரல் நுனி வரை போக. அடுத்தடுத்து மூன்று பரப்புகள் ஒரே நேரத்தில் காயம் பட்டு ஒரே நேரத்தில் ஆறுகின்றன. அசைக்காமல் வைத்தால் உடம்புக்கு எது எதோடு ஒட்ட வேண்டும் என்று தெரியாது, எல்லாவற்றையும் சேர்த்து ஒரே தழும்பாக ஒட்டிவிடும். தையல் பிரியாது, உண்மைதான். விரலும் மடங்காது.

இந்தப் பகுதிக்கு அமெரிக்க அறுவை நிபுணர் ஸ்டெர்லிங் பன்னெல் வைத்த பெயர் 'யாருக்கும் சொந்தமில்லாத நிலம்'. போரில் இரண்டு படைக்கும் நடுவே இருக்குமே, அந்த நிலம். இங்கே உடனே தைக்காதே, தோலை மட்டும் மூடிவிட்டுப் பிறகு வேறு இடத்திலிருந்து தசைநாண் எடுத்து ஒட்டு வை என்பதுதான் அந்தக் காலத்துப் பாடம். கென்டக்கியின் லூயிவில்லில் ஹெரால்ட் கிளைனர்ட்டும் அவரோடு இருந்தவர்களும் உடனே தைத்து, நகத்தில் ரப்பர் பேண்ட் கட்டி, முதல் நாட்களிலேயே விரலை அசையவைத்து நல்ல பலன் கிடைத்தது என்று 1967-இல் சொன்னபோது பலர் நம்பவில்லை. இன்று யாரும் அதைப் பற்றிச் சண்டை போடுவதில்லை. எப்படி அசைப்பது, எவ்வளவு அசைப்பது என்பதில்தான் வாதம்.

இப்போது உங்கள் மாமியார் கேள்விக்கு வருகிறேன், அது நியாயமான கேள்வி. இழுத்தால் விடத்தான் செய்யும். எவ்வளவு இழுத்தால் என்பதில்தான் இருக்கிறது விஷயம். மணிக்கட்டு அறுவையின்போது நோயாளியை மயக்காமல், தசைநாணில் கருவியை மாட்டி இழுவையை அளந்தே பார்த்திருக்கிறார்கள். எதையும் பிடிக்காமல் விரலைத் தானாக மடக்கும்போது அதிகபட்சம் 35 நியூட்டன், அதாவது மூன்றரைக் கிலோ எடை தொங்குவது மாதிரி. விரல் நுனியால் இறுக்கிக் கிள்ளினால் 120 வரை போகிறது. மற்றக் கையால் மடக்கிவிடும்போது 10-ஐக்கூடத் தொடவில்லை. இப்போதெல்லாம் தசைநாணுக்குள் நான்கு அல்லது ஆறு இழை குறுக்கே ஓடும்படி தைக்கிறார்கள். சும்மா மடக்குவதை அது தாங்கும், கிள்ளுவதைத் தாங்காது. 'அசை, ஆனால் பயன்படுத்தாதே' என்று உங்கள் தெரபிஸ்ட் சொல்வது முரண் இல்லை, 120-இன் பக்கம் போகாமல் 35-க்குள்ளேயே உங்களை நடக்கவைக்கிறார்.

முதலில் வலது கையால் மடக்கிவிட்டுப் பிறகு தானாக மடக்கச் சொல்கிறாரே, அதற்கும் காரணம் உண்டு. காலையில் எழுந்ததும் விரல் வீங்கி விறைத்திருக்கும். விறைத்த மூட்டை மடக்கத் தசை அதிகமாக இழுக்க வேண்டும், அந்தச் சுமை முழுக்கத் தையலில் விழும். முதலில் மற்றக் கையால் நாலைந்து தடவை மடக்கி விட்டால் வீக்கம் ஒதுங்கி மூட்டு இளகிவிடும், அப்புறம் தானாக மடங்கக் குறைந்த இழுவையே போதும். அவசரத்தில் இந்த முதல் பாதியை விட்டுவிட்டு நேராக இரண்டாவதுக்குப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். முழு முஷ்டியையும் இப்போதே முயலாதீர்கள். கடைசிக் கொஞ்சத்தை மடக்கத்தான் இழுவை மிக அதிகமாகத் தேவைப்படும்.

நல்ல கையில் ஒன்று செய்து பாருங்கள். முழங்கையை மேஜையில் ஊன்றி, கையைத் தளரவிட்டு, மணிக்கட்டை மட்டும் பின்னால் சாயுங்கள். விரல்கள் தாமாகவே மடங்கும். முன்னால் தொங்கவிட்டால் தாமாகவே நீளும். நீங்கள் விரலுக்கு எந்தக் கட்டளையும் கொடுக்கவில்லை, இருந்தும் உள்ளே தசைநாண் ஓடுகிறது. ஸ்ப்ளின்டில் உங்கள் மணிக்கட்டை எந்தக் கோணத்தில் வைத்திருக்கிறார்கள் என்பதும் இந்தக் கணக்கில்தான். அடிமூட்டை மடங்கிய நிலையில் வைத்திருப்பார்கள், விரல் அதற்குப் பின்னால் போகாமல் தடுப்பதுதான் அதன் வேலை. அதனால்தான் கழற்றக் கூடாது. விரலை மடக்கும்போது விடுவது ஒரு வகை. தூக்கத்தில் சோம்பல் முறிக்கும்போதும், விழப்போகையில் கையை ஊன்றும்போதும், குழந்தையைச் சட்டென்று தூக்கும்போதும் விடுவது இன்னொரு வகை, நான் பார்த்தவற்றில் அதுதான் அதிகம். கேட்டால் "ஒரு நிமிஷம்தான் கழற்றினேன்" என்பார்கள்.

கொக்கி மாதிரி நிற்கும் நடு மூட்டைப் பற்றி: இதை விடாதீர்கள். தசைநாண் பின்னால் சரியாகிவிடலாம், இந்த மூட்டு இறுகிவிட்டால் பிடிவாதமானது. ஸ்ப்ளின்டுக்குள்ளேயே, அடிமூட்டை வலது கையால் இன்னும் கொஞ்சம் மடக்கிப் பிடித்துக்கொண்டு, நடு மூட்டை ஸ்ப்ளின்டின் கூரையைத் தொடும்வரை நீட்டப் பாருங்கள். அடிமூட்டு மடங்கியிருந்தால் தையலில் இழுப்பு விழாது. ஆனால் உங்களுக்கு நரம்பும் தைத்திருக்கிறது. சில டாக்டர்கள் நரம்பு இறுகாமல் இருக்க முதல் சில வாரம் முழுதாக நீட்ட விடமாட்டார்கள். எனவே உங்கள் தெரபிஸ்டிடம் "இந்த மூட்டை எவ்வளவு நீட்டலாம், இரவில் ஸ்ப்ளின்டோடு சேர்த்துப் பட்டை போடலாமா" என்று நேரடியாகக் கேளுங்கள். என் எழுத்தைப் பார்த்து நீங்களாக இழுக்காதீர்கள்.

கரண்ட் அடிப்பது நல்ல செய்தி. தைத்த நரம்பில் முன்பிருந்த இழைகள் பட்டுப்போய், வெட்டிய இடத்திலிருந்து புதிதாக வளர வேண்டும். முதலில் சில வாரம் ஒன்றும் நடக்காதது போலிருக்கும், பிறகு நாளுக்கு சுமார் 1 மி.மீ. வளரும். வளரும் முனையில் தட்டினால் சுர்ரென்கும். இந்த மாதம் தழும்பில் அடிக்கிற கரண்ட் அடுத்த மாதம் இன்னும் மேலே, நுனிப் பக்கமாக நகர்ந்து அடித்தால் நரம்பு பயணம் செய்கிறது என்று அர்த்தம். மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நின்றுவிட்டால் டாக்டரிடம் சொல்லுங்கள். அதுவரை அந்தப் பாதி விரலுக்குச் சூடு தெரியாது. ஸ்ப்ளின்ட் கழற்றிய பிறகு எதைத் தொடுவதானாலும் முதலில் வலது கையால் தொட்டுப் பாருங்கள். குளிர் பட்டால் விரல் வலிப்பதும் நெடுநாள் இருக்கும், அது சகஜம்.

பக்கத்து பிசியோ பற்றி நாளை எழுதுகிறேன், வேலைக்கு நேரமாகிவிட்டது.

ஒட்டிய_விரல்:

விரல்_தெரபி எழுதியதை எனக்கு அப்போது யாராவது சொல்லியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். நேர்பட_பேசு சொல்கிற வைத்தியம்தான் எனக்கு நடந்தது. நடு விரல், அதே இடம். தையல் அருமையாக இருந்தது என்று பின்னால் பார்த்தவர்களே சொன்னார்கள். ஆனால் தைத்த மருத்துவமனையில் கையை மாவுக்கட்டில் வைத்து அனுப்பினார்கள், தெரபி என்ற பேச்சே இல்லை. கட்டைப் பிரித்தபோது விரல் மரக்கட்டை.

இதில் ஒரு விஷயம் கவனியுங்கள், நீங்களே சோதிக்கலாம் (இப்போதல்ல, அனுமதி கிடைத்த பிறகு). மற்றக் கையால் மடக்கினால் விரல் உள்ளங்கையைத் தொடுகிறது, தானாக மடக்கச் சொன்னால் பாதியில் நிற்கிறது என்றால் மூட்டு நன்றாக இருக்கிறது, தசைநாண்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டுமே முடியவில்லை என்றால் மூட்டும் இறுகிவிட்டது. எனக்கு முதலில் இரண்டும் இருந்தது. ஸ்கேன் எடுத்து தசைநாண் அறுபடவில்லை, ஒட்டித்தான் கிடக்கிறது என்று உறுதி செய்துவிட்டு, பல மாதம் தெரபி மட்டுமே கொடுத்தார்கள். தழும்பு இளகி, மூட்டு மற்றக் கையால் முழுக்க மடங்கும் நிலைக்கு வந்த பிறகுதான் இரண்டாவது அறுவை, ஒட்டியதைப் பிரித்துவிடுகிற அறுவை. மூட்டு இறுகிக் கிடக்கும்போது தசைநாணை மட்டும் விடுவித்துப் பயனில்லை என்றார்கள்.

அந்த அறுவையில் என்னை மயக்கவே இல்லை. கையில் மட்டும் மரக்கிற ஊசி. விரல் மெழுகு வெள்ளையாக வெளுத்துப்போய்க் கிடந்தது, ரத்தமே வரவில்லை. கொஞ்சம் பிரிப்பார், "மடக்குங்க" என்பார், மடக்குவேன், "இன்னும் ஒட்டியிருக்கு" என்று மறுபடி பிரிப்பார். கடைசியில் விரல் நுனி உள்ளங்கையில் வந்து இடித்தது. இத்தனை மாதம் வராத விரல் என் கண் முன்னால் மடங்கியதும் நான் சிரித்துவிட்டேன், அவர் "ஆடாதீங்க" என்று அதட்டினார்.

ஆனால் அது பாதிதான். மறுநாளே தெரபி ஆரம்பித்துவிட்டது, வீக்கத்தோடு, வலியோடு. இந்தத் தடவை விட்டால் மறுபடி ஒட்டிக்கொள்ளும் என்றார்கள். இப்போது பிடிமானம் நன்றாக இருக்கிறது, நுனி மூட்டு மட்டும் முழுக்க மடங்காது. சட்டைப் பொத்தான் போடுவதில் மட்டும் அது தெரியும்.

உங்களுக்கு மூன்றாவது வாரத்திலேயே பாதி முஷ்டி வருகிறது என்றால் நல்ல இடத்தில்தான் இருக்கிறீர்கள். போய் வரும் சிரமத்தைப் பார்க்காதீர்கள்.

மணிக்கட்டுவலி:

நடுவில் புகுந்து கேட்பதற்கு மன்னிக்கவும். கால் வழுக்கிக் கையை ஊன்றி விழுந்தேன். கட்டை விரலின் அடியில், மணிக்கட்டு ஓரமாக வலி. அன்றே எக்ஸ்ரே எடுத்தார்கள், முறிவு இல்லை, சுளுக்கு என்று பட்டை கட்டி அனுப்பினார்கள். இரண்டு மாதம் ஆகப்போகிறது, வீக்கம் போய்விட்டது, ஆனால் கையை ஊன்றி எழுந்தால் சுரீர் என்கிறது. இதற்கும் தெரபி போதுமா? ஒட்டிய_விரல் அண்ணா சொன்ன மாதிரி இதையும் அசைத்துக்கொண்டே இருக்கலாமா?

எலும்பு_மருத்துவன்:

மணிக்கட்டுவலி, வேண்டாம். தெரபிக்கு முன்னால் மறுபடி படம் எடுங்கள், இந்த வாரமே.

கட்டை விரலை அகல விரித்து மேலே தூக்கினால் அடியில் இரண்டு நாண்களுக்கு நடுவே ஒரு குழி தெரியும். அந்தக் குழியில் அழுத்தினால் வலிக்கிறதா? வலித்தால் படகெலும்பு முறிந்திருக்கிறது என்று வைத்துக்கொண்டுதான் நாங்கள் ஆரம்பிப்போம், இல்லை என்று நிரூபணமாகும் வரை. மணிக்கட்டில் இருக்கும் எட்டு சின்ன எலும்புகளில் அது ஒன்று. கையை ஊன்றி விழும்போது அந்த எட்டில் அதிகம் முறிவது அதுதான், அன்றைய எக்ஸ்ரேயில் தெரியாமல் போவதும் அதுவே. அதனால் சந்தேகம் இருந்தால் 10 முதல் 14 நாள் கழித்து மறுபடி எக்ஸ்ரே, அல்லது நேராக எம்ஆர்ஐ. உங்களுக்கு அந்த இரண்டாவது படம் எடுக்கப்படவில்லை என்று தெரிகிறது.

ஏன் இவ்வளவு பதற்றம் என்றால், அந்த எலும்புக்கு ரத்தம் போகும் வழி கோணல். பெரும்பாலான ரத்தம் விரல் பக்கத்து முனையில் நுழைந்து முன்கைப் பக்கமாகத் திரும்பி வருகிறது. நடுவில் முறிந்தால் முன்கைப் பக்கத்துத் துண்டுக்கு வழி அடைபடும். கூடாமலே நிற்கலாம், அந்தத் துண்டு செத்தும் போகலாம். வலி குறைந்துவிடும், ஆள் மறந்துவிடுவார், சில வருடம் கழித்து மணிக்கட்டே தேய்ந்து வந்து நிற்பார். சீக்கிரம் கண்டுபிடித்தால் கட்டு, அல்லது தோலில் சின்னத் துளை வழியாக ஒரு திருகு. தாமதமானால் வேறு இடத்து எலும்பை எடுத்து ஒட்டு வைக்க வேண்டிவரும். சாதாரணச் சுளுக்காகவே இருந்தாலும் ஒரு படத்தோடு முடிந்துவிடும், நல்லதுதானே.

ஒட்டிய_விரல் சொன்ன வெளுத்த விரல் பற்றி ஒரு வார்த்தை. மரக்கிற மருந்தோடு அட்ரினலின் கலந்து போட்டால் ரத்தக்குழாய் சுருங்கும், அதனால்தான் வெளுக்கிறது, அதனால்தான் கையில் இறுக்கிக் கட்டாமலே ரத்தமில்லாமல் அறுக்க முடிகிறது. எனக்குப் பாடம் நடத்தியவர்கள் விரலில் அட்ரினலின் போட்டால் விரல் அழுகிவிடும் என்று மிரட்டினார்கள். கனடாவில் டொனால்ட் லலோண்ட் என்பவரும் கூட்டாளிகளும் ஆயிரக்கணக்கான கைகளில் போட்டுக் காட்டிய பிறகுதான் அந்தப் பயம் போனது. நோயாளி மேஜையிலேயே விரலை மடக்கிக் காட்டுவது எங்களுக்குப் பெரிய வசதி. தைத்த இடம் கப்பியில் சிக்குகிறதா, இடைவெளி விழுகிறதா என்று தோலை மூடுவதற்கு முன்பே தெரிந்துவிடும்.

நேர்பட_பேசு எலும்பைப் பற்றிச் சொன்னதிலும் ஒரு திருத்தம். மணிக்கட்டு முறிவுக்கு மாவுக்கட்டு போட்டாலும் விரல்களை முதல் நாளிலிருந்தே முழுக்க மடக்கி நீட்டச் சொல்கிறோம். கட்டுக்குள் முறிவு மட்டும்தான் அசையாமல் இருக்க வேண்டும். விரலும் தோளும் சேர்ந்து ஓய்வெடுத்தால், எலும்பு கூடிய பிறகு பாடு அவற்றோடுதான்.

நேர்பட_பேசு:

சரி, எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அந்த இருவரில் ஒருவருக்கு விரல் இன்னும் மடங்காது என்பதும் இப்போதுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். மற்றவருக்கு அறுந்தது புறங்கைப் பக்கமாம், அதாவது விரலை நீட்டுகிற நாண்.

விரல்_தெரபி:

புறங்கைப் பக்கத்துக் கதை வேறேதான், அங்கே இந்த இறுக்கமான குழாய் இல்லை. விரல் நுனியை நீட்டும் நாண் அறுந்து நுனி தொங்கிப்போனால் அந்த ஒரு மூட்டை மட்டும் ஆறிலிருந்து எட்டு வாரம் நேராக, ஒரு நொடிகூடத் தொங்கவிடாமல் வைக்கிறோம். அங்கே 'அசைக்காதே' என்பதுதான் சிகிச்சை. ஒரே விரலில் முன்பக்கத்துக்கு ஒரு சட்டம், பின்பக்கத்துக்கு வேறு சட்டம். அதனால்தான் கைக்கென்று தனியாகப் படித்தவர்கள் தேவைப்படுகிறார்கள், இடக்கைக்காரியின் மூன்றாவது கேள்விக்கும் பதில் அதில்தான் இருக்கிறது.

பக்கத்து பிசியோ நல்லவராகவே இருக்கலாம். முதுகுக்கும் முழங்காலுக்கும் அவரிடம்தான் போக வேண்டும். ஆனால் ஆறாவது வாரத்துக்குள் இருக்கிற தசைநாணை அவர் வாரத்துக்கு ஒன்றாவது பார்க்கிறாரா, ஸ்ப்ளின்டை அவரே செய்வாரா, வீக்கம் வடிந்ததும் அதைச் சூடாக்கித் திரும்பவும் வளைத்துக் கொடுப்பாரா என்று கேட்டுப் பாருங்கள். உங்கள் டாக்டர் எத்தனை இழை போட்டார், கப்பி எதையாவது திறந்தாரா என்று கேட்டு வாங்கிப் படிக்கிறவராக இருந்தால் தாராளமாகப் போகலாம். இவை எதையும் கேட்காமல் முதல் நாளே கையில் ஸ்பாஞ்சுப் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். போய் வருவதுதான் சிரமம் என்றால் இப்போதைய தெரபிஸ்டிடமே சொல்லிச் சில சந்திப்புகளை வீடியோவில் வைத்துக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். ஸ்ப்ளின்டைத் திருத்த மட்டும் நேரில்.

தோராயமாக என்ன வரும் என்றால், ஆறு வாரம் வாக்கில் ஸ்ப்ளின்ட் குறையும், லேசான வேலைகள் வரும். எட்டாவது வாரம் வாக்கில் மெல்லப் பலம் சேர்ப்பது. பளு தூக்குவதும் இறுக்கிப் பிடிப்பதும் 12 வாரம் தாண்டித்தான். உங்கள் டாக்டரின் கணக்கு இதிலிருந்து முன்னே பின்னே இருக்கலாம், அவர் உள்ளே பார்த்தவர். நடுவில் எப்போதாவது டப்பென்று ஏதோ விட்டது போல் தோன்றி, நேற்று வரை மடங்கிய நுனி இன்று மடங்கவில்லை என்றால், அடுத்த சந்திப்புக்குக் காத்திருக்காமல் அன்றே டாக்டரைக் கூப்பிடுங்கள். சில நாளுக்குள் என்றால் மறுபடி தைக்க வாய்ப்பு உண்டு. புகைக்கிறவர் வீட்டில் இருந்தால் அந்தப் புகையும் வேண்டாம், ஆறுவதைத் தாமதப்படுத்தும்.

இடக்கைக்காரி:

மிக்க நன்றி எல்லோருக்கும். மணிக்கட்டைச் சாய்க்கும் வித்தையை மாமியாருக்கே செய்து காட்டினேன், அவர் விரல்கள் தாமாக மடங்கியதும் "அட" என்றார். இப்போது அவர்தான் மணி அடித்தால் "விரல் பார்த்தியா" என்று கேட்கிறார். தெரபிஸ்டிடமும் பேசிவிட்டேன், நடு மூட்டுக்கு இரவில் பட்டை போடச் சம்மதித்துவிட்டார். மாறப்போவதில்லை.

இன்னும் ஒரே ஒரு சந்தேகம். மோதிர விரல்தானே அடிபட்டது, ஸ்ப்ளின்டுக்குள் அந்த ஒன்றை விட்டுவிட்டு நடு விரலாலும் சுண்டு விரலாலும் இலேசான பையைக் கொக்கி போட்டுத் தூக்கலாமா? ஒரு கையாலேயே எல்லாம் செய்து வலது தோள் வலிக்கிறது.

விரல்_தெரபி:

கூடாது, இதைக் கேட்டது நல்லதாகப் போயிற்று. விரல் நுனி வரை போகும் ஆழத்துத் தசைநாண்களில் நடு விரல், மோதிர விரல், சுண்டு விரல் மூன்றுக்கும் முன்கையில் இருப்பது ஒரே தசைத் திரள் மாதிரி. ஆட்காட்டி விரலுக்கு மட்டும்தான் ஓரளவு தனி. சுண்டு விரலால் பையைப் பிடித்தால் அந்தத் தசை மொத்தமாகச் சுருங்கும், மோதிர விரல் சும்மா இருப்பதாக நீங்கள் நினைத்தாலும் தையலில் இழுப்பு விழும். நல்ல கையில் பாருங்கள், நடு விரலை மற்றக் கையால் நேராகப் பிடித்துக்கொண்டு மோதிர விரல் நுனியை மடக்கப் பார்த்தால் வராது. அவ்வளவு கட்டிப்போட்டிருக்கிறது.

தோளுக்கு: தோள்பையாக மாற்றுங்கள், இடது தோளிலேயே மாட்டலாம், ஸ்ப்ளின்ட் கை சும்மா இருக்கட்டும். இடது தோளையும் முழங்கையையும் தினம் நாலைந்து தடவை முழுக்க உயர்த்தி இறக்குங்கள், அவற்றுக்குத் தடை எதுவும் இல்லை. கணினியில் இடது கையால் தட்டுவதும் இப்போதைக்கு வேண்டாம், குரலால் தட்டச்சு செய்யும் வசதியைப் போட்டுக்கொள்ளுங்கள்.